மணிக்கூட்டு வீட்டுக்காரி

கமலநாயகியை எந்தக் கலியாண வீட்டில் சந்தித்தாலும், தன் பெயரைச் சொல்லுமுன் வீட்டைச் சொல்லிவிடுவார். “நாங்கள் நாவற்கலட்டி மணிக்கூட்டு வீடு.” ஜெர்மனிக்கு வந்து இருபது வருசம். நாவற்கலட்டியில் அந்த வீட்டுக் கூரை ஷெல்லடியில் பறந்து பத்து வருசம். வசனம் மட்டும் மாறவேயில்லை. கேட்டவர் யாழ்ப்பாணத்து ஆளாக இருந்தால், “ஓ, விதானையார் பகுதியோ?” என்பார். கமலநாயகி தலையை ஒருமுறை அசைப்பார். அந்த ஒரு அசைப்புக்காகத்தான் அவர் கலியாண வீடுகளுக்கே போகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

மணிக்கூட்டுக் கதை இதுதான். கமலநாயகியின் பூட்டன் வேலாயுதர் வெள்ளைக்காரன் அமர்த்திய ஊர்த் தலைவராக, விதானையாக இருந்தவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டாம் ஆண்டு ஜெர்மன் துரை ஒருவர் ஊருக்கு வந்தார். பெரிய படிப்பாளியாம். மூலிகை ஆராய்ச்சியாம். விதானையார் ஆள் அம்பு கொடுத்து உதவினார். துரை போகும்போது ஒரு சுவர் மணிக்கூட்டைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் அதுதான் முதல் மணிக்கூடு. கோயில் பூசைக்குக்கூட இந்த வீட்டில்தான் நேரம் கேட்டு ஆள் வரும்.

விதானையாரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. குளத்துக்கு அப்பால் இருந்த சனங்கள் செத்தவர்களைப் புதைக்கத்தான் வேண்டும், எரிக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து ஊர்க் கட்டுப்பாடு. ஒருமுறை அவர்களில் ஒருவன் பெண்சாதியை எரிக்க விறகு அடுக்கினான். விதானையார் நேரே போய் விறகை இழுத்து வீசிவிட்டு, புதைக்கச் சொல்லிவிட்டு வந்தார். கமலநாயகியின் அப்பா இதை “வழமையைக் காத்தவர்” என்று சொல்லுவார். கமலநாயகி இதைப் பெருமையாகச் சொன்னதில்லை. மறைத்ததும் இல்லை. முதல் கதை சொல்லி முடிந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்த இரண்டாம் கதையும் வந்துவிடும்.

இந்த இரண்டும் ஒரே கதை என்று ஐம்பத்துநாலு வயதில், ஒரு நிலக்கீழ் அறையில், கையில் தூசுத் துணியோடு நின்றபோதுதான் அவருக்குத் தெரியவந்தது.

ஊரில் அவர் விலங்கியல் ரீச்சர். எண்பத்தைந்தில் கணவர் இராசலிங்கத்தோடும் ஆறு வயது மகள் ஆதிரையோடும் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மேற்கு பெர்லினுக்கு ரயில் ஏறி, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் ஒதுங்கினார்கள். நகரத்தின் பெயரை விட்டுவிடுகிறேன், சம்பந்தப்பட்ட ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவருடைய ஆசிரியர் சான்றிதழை ஏற்கச் சொல்லி எழுதிய அன்றாக், அந்த விண்ணப்பம், மூன்று முறை திரும்பி வந்தது. நாலாம் முறை அவர் எழுதவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று நிறுவனத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். இராசலிங்கம் பேக்கரியில் மாவோடு மாரடித்து, தொண்ணூற்றொன்பதில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

ரீச்சர் கூட்டுகிற வேலைக்குப் போனாவா என்று ஊரார் வாய்க்குள் சிரித்தார்கள். கமலநாயகிக்குக் கவலையில்லை. கூட்டுவது தரைதான், ஆனாலும் விஞ்ஞானத்தின் தரை என்பது அவருடைய கட்சி.

நிறுவனத்தின் நிலக்கீழ் அறையில் மண்டையோடுகள் இருந்தன. அறுநூறுக்கு மேல். கண்ணாடி அலுமாரிகளில் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்பு மையில் இலக்கம் எழுதப்பட்டு இருந்தன. மற்ற வேலைக்காரிகள் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டார்கள். கமலநாயகி முதல்நாளே உள்ளே போய், நுதலென்பு, சுவரென்பு, பிடரென்பு என்று வாய்க்குள் பெயர் சொல்லிக்கொண்டே தூசு தட்டினார். வகுப்பு எடுப்பது போல இருந்தது. திங்கட்கிழமை காலைகளுக்காக அவர் காத்திருந்ததும் உண்டு.

சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. பேராசிரியர் வெண்ட் என்பவர் நூற்றிருபது வருசத்துக்கு முன் வரைவித்தது. மனித இனங்கள் எல்லாம் ஒரு படிக்கட்டில் நிற்கின்றன. உச்சிப் படியில் வெள்ளைச் சலவைக்கல் முகம். கீழே போகப்போக முகம் கறுத்து, நெற்றி சரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு இனத்தின் தலையையும் அளந்தால் அதன் அறிவையும் அளக்கலாம், அளந்தால் யார் யாரை ஆளவேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்துப் படித்த மனிதர் பலர் மனதார நம்பினார்கள். கூர்ப்பு என்கிற பரிணாமக் கொள்கை படிப்பித்த கமலநாயகிக்கு இது பிழை என்று தெரியும். விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்தும் என்றும் தெரியும். இருந்தாலும் ஒருநாள், ஆள் இல்லாத நேரம் பார்த்து, தமிழர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தேடினார். கீழிருந்து நாலாம் படி. கடைசிப் படி இல்லை என்று கண்டதும் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. வந்த நிம்மதியை உடனே துடைத்துப்போட்டார். ஆனால் வந்தது வந்ததுதான்.

இரண்டாயிரத்தைந்து புரட்டாதியில் ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் என்ற ஆய்வாளர் வந்தார். கட்டடம் கைமாறப் போகிறது. அதற்குமுன் ஒவ்வொரு மண்டையோடும் எங்கிருந்து, யாரால், எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வயது, மெலிந்த பெண், எப்போதும் தொண்டையில் ஒரு கம்பளிச் சால்வை. கமலநாயகிக்கு வணக்கம் சொல்லிக் கைகொடுத்த முதல் கலாநிதி அவர்தான்.

அதே மாதம் ஆதிரை ஒரு செய்தி சொன்னாள். பல் மருத்துவ ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்கிற தயாபரனைக் கட்டப்போகிறாளாம்.

“ஆர் பகுதி?”

“அம்மா, அவர் இஞ்சை பிறந்து வளர்ந்தவர். பகுதி எண்டால் என்னெண்டே தெரியாது.”

“தாய் தேப்பனுக்குத் தெரியுமெல்லோ.”

பிறகு நடந்தது நம் ஆட்களுக்கே உரிய விசாரணை. தொலைபேசியை எடுத்தால் இரண்டு மணித்தியாலம். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினவை. கனடாவில் ஒரு மச்சாள், லண்டனில் ஒரு சித்தப்பா. மூன்றாம் நாள் பதில் வந்தது. தயாபரனின் தாய் சந்திரகாந்தி நாவற்கலட்டியேதான். குளத்துக்கு அப்பால்.

“ஏலாது” என்றார் கமலநாயகி. ஆதிரை சண்டை பிடிக்கவில்லை. உடுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அது சண்டையை விட மோசமாக இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு காலை, ஃப்ராவ் ஹோல்ட்காம்ப் அவரை நிலக்கீழ் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் நாலு மண்டையோடுகள். பக்கத்தில் ஒரு துணிப்பை, அதன் வாயிலிருந்து தினை மாதிரி ஒரு தானியம் சிந்தியிருந்தது.

“மூளையின் அளவைக் கண்டுபிடிக்க இதைத்தான் மண்டைக்குள் நிரப்பி, பிறகு வெளியே கொட்டி அளந்தார்கள்” என்றார் ஹோல்ட்காம்ப்.

கமலநாயகி அந்தத் தானியத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

“பேராசிரியர் வெண்டின் குறிப்புப் புத்தகம் கிடைத்திருக்கிறது. இந்த நாலும் உங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவை. வெண்ட் எழுதியிருப்பதைக் கேளுங்கள்.” ஹோல்ட்காம்ப் பழைய கையெழுத்தைத் தடவித் தடவி வாசித்தார். “‘தாழ்ந்த சாதியாரும் அண்மைக்காலமாகப் பிணத்தை எரிக்க முற்படுகிறார்கள். எரித்தால் நமக்கு மண்டையோடு கிடைக்காது. ஊர்த் தலைவன் நல்ல புத்திசாலி. எரிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குத் தந்திருக்கிறான். அவனுக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தேன்.’”

 கமலநாயகி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“தலைவனின் பெயர் இதில் இல்லை” என்று ஹோல்ட்காம்ப் தொடர்ந்தார். “ஆனால் ஒவ்வொரு மண்டைக்குள்ளும் ஒரு சீட்டு இருந்தது. தமிழ் எழுத்து. படம் எடுத்து வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அனுப்பினேன். இந்தக் கையெழுத்து தனக்குப் பிடிபடவில்லை என்று எழுதிவிட்டார். உங்களால் முடியுமா? பெயர் இருந்தால் சந்ததியைத் தேடி ஒப்படைக்கலாம். இல்லையென்றால் என்ன செய்வதென்று குழு முடிவெடுக்கும்.”

முடியுமாவது! கமலநாயகியின் அப்பா காணி எழுதும் நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர். புள்ளியும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் எழுதின பழைய காணி உறுதிப் பத்திரங்களைச் சின்ன வயதிலேயே எழுத்துக் கூட்டி வாசித்து வளர்ந்தவர் இவர். அந்தப் பேராசிரியருக்குப் பிடிபடாத கையெழுத்து இவருக்குத் தண்ணி பட்ட பாடு. அதிலும் இந்தக் கையெழுத்தை வீட்டுக் காணி உறுதிகளில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

முதல் சீட்டில் வைரவன். இரண்டாவதில் மூத்தான். மூன்றாவதில் சின்னி. நாலாவது சீட்டு கொஞ்சம் நீளம். ‘கந்தன் பெண்சாதி நன்னி. வயது இருபத்தைந்து. காய்ச்சலில் செத்தது. புதைத்து ஒன்பதாம் நாள் எடுத்தது.’ கீழே நாலிலும் ஒரே ஒப்பம். வே. வேலாயுதர், விதானை.

கலியாண வீடுகளில் தலையசைத்த எல்லாரும் அந்த நேரம் அறைக்குள் வந்து நின்றது போல் அவருக்குப் பட்டது. மணிக்கூட்டு வீடு. மூலிகையாம், ஆராய்ச்சியாம்! துரையும் விதானையும் பாஷை தெரியாமலே ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் ஒரு படிக்கட்டு, இவரிடம் ஒரு படிக்கட்டு. கீழே நிற்கிறவர்கள் யாரென்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

“எழுத்து அழிந்துவிட்டது” என்றார் கமலநாயகி. “எண்கள் மட்டும்தான் தெரிகின்றன.”

“ஒரு பெயர்கூட?”

“இல்லை.”

ஹோல்ட்காம்ப் பெருமூச்சு விட்டு ஒரு படிவத்தை நீட்டினார். ‘வாசிக்க முடியவில்லை’ என்று அச்சடித்த கட்டத்தில் புள்ளடி போட்டு, கீழே கமலநாயகி கையெழுத்து வைத்தார். கை நடுங்கவில்லை. பூட்டனின் கையும் நடுங்கியிராது என்று பிறகு யோசித்தார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அந்த அறையைக் கூட்டுகிறபோது நாலாம் மண்டையோட்டை வைத்து மூடிய பெட்டியின் பக்கம் திரும்பாமலே கூட்டினார். திரும்பாவிட்டாலும் அது இருக்குமிடம் முதுகுக்குத் தெரிந்தது. ஒருநாள், தான் வாய்க்குள் “நன்னி” என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து வாயைப் பொத்தினார்.

தையில் மகளைக் கூப்பிட்டார். “தயாபரனையே கட்டு பிள்ளை. எனக்குச் சம்மதம்.”

ஆதிரை தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஊரார் அதிசயப்பட்டார்கள். ஜெர்மனிக் குளிர் ரீச்சரையும் மாத்திப்போட்டுது என்று பேசிக்கொண்டார்கள்.  மகளைக் குளத்துக்கு அப்பால் கொடுத்துவிட்டால் அந்தச் சீட்டுகள் வாயைத் திறக்காது என்று கமலநாயகியின் மனம் ஒரு பேரம் பேசியிருந்தது. யாரோடு பேசியது என்று கேட்காதீர்கள். மனிதர் மாட்டிக்கொண்டால் இப்படித்தான்.

சித்திராப் பறுவம், சித்திரைப் பௌர்ணமி, அந்த வருசம் மே பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை வந்தது. செத்துப்போன தாய்மாருக்குப் படைக்கிற நாள். சந்திரகாந்தி சம்பந்தி வீட்டாரைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். சந்திரகாந்தி கிழவர்கள் இல்லத்தில் தாதி வேலை செய்கிறவள், பருத்த உடம்பு, சிரித்த முகம். கமலநாயகியைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நல்ல கதிரையில் இருத்தினாள். குளத்துக்கு அப்பால் இருந்தவர்களின் வீட்டில் கமலநாயகி இருந்ததும், கை நனைத்ததும் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

சாமிப் படங்களுக்குக் கீழே இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்று சந்திரகாந்தியின் தாய்க்கு. மற்ற இலைக்குப் பக்கத்தில் படம் இல்லை. ஒரு விறகுக் கட்டை நின்றது. குளிர்காலத்துக்கு இங்கே கடைகளில் விற்கிற சாதாரண விறகு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

“இது என்ன?” கேட்டுவிட்டார் கமலநாயகி. கேட்டிருக்கக்கூடாது.

“அது எங்கட பூட்டி, அக்கா. நன்னியாச்சி.” சந்திரகாந்தி கரண்டியால் சித்திரைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். “பூட்டன் கந்தர் அவவை எரிக்க விறகு அடுக்கினவராம். உங்கட விதானையார் வந்து இழுத்துப் போட்டவராம். கோவியாதேங்கோ, அது அந்தக் காலம். புதைச்சு முப்பத்தோராம் நாள் பாத்தால் குழி தோண்டிக் கிடந்துதாம். தலையைக் காணேல்லையாம். நரியெண்டு விதானையார் சொன்னவராம். நரி தலையை மட்டும் கொண்டுபோகுமே?”

கமலநாயகி தண்ணீர் கேட்டார்.

“வீசின விறகிலை ஒண்டைக் கந்தர் எடுத்து வைச்சிருந்தவராம். தலை கிடைக்கிற அண்டைக்கு என்ரை பரம்பரையிலை ஆரெண்டாலும் கொள்ளி வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டுச் செத்தவராம். அந்த விறகு தொண்ணூறாம் ஆண்டு ஊரிலை அம்மா ஆக்கள் இடம்பெயர்ந்தபோது துலைஞ்சு போட்டுது. இது நான் இஞ்சை வாங்கினது. எந்த விறகெண்டால் என்ன, அக்கா. சாப்பிடுங்கோ.”

இலையில் போட்டதெல்லாம் கமலநாயகி சாப்பிட்டார்.  தயாபரன் இரண்டாம் தரம் பாயசம் வார்த்தபோது மறுக்கவும் பயமாக இருந்தது.

ஞாயிறு முழுக்க அவர் ஒரே வசனத்தை ஜெர்மன் மொழியில் மனப்பாடம் செய்தார். நான் பொய் சொன்னேன், என்னால் வாசிக்க முடியும். வேலை போனால் போகட்டும். மணிக்கூட்டு வீடு போனாலும் போகட்டும். அந்தத் தலையைச் சந்திரகாந்தி கையில் கொடுத்துவிட்டால் போதும். பல மாதத்துக்குப் பிறகு அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும், பாவம்.

திங்கள் காலை ஃப்ராவ் ஹோல்ட்காம்பின் அறைக் கதவைத் தட்டினார். தெர்மின் எடுத்து நேரம் குறிக்காமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நின்றபடியே வசனத்தைச் சொன்னார். பிறகு நாலு பெயரையும் சொன்னார். பிறகு, தலைவன் யார் என்பதையும் சொன்னார்.

 ஹோல்ட்காம்புக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழும்பிக் கோப்புக்கட்டு ஒன்றை எடுத்து, ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“அடையாளம் தெரியாதவற்றைப் பற்றிக் குழு மார்ச்சில் முடிவெடுத்தது. பெட்டியிலேயே வைத்திருப்பது மரியாதையில்லை என்றார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி, நகரத்து மின்தகன நிலையத்தில் நாற்பத்தொன்றையும் ஒன்றாக எரித்தோம். சாம்பலைப் பெயரில்லாதவர்களின் புல்வெளியில் புதைத்தாயிற்று.”

“எங்கடை அந்த நாலும்?”

அவர் தமிழில் கேட்டுவிட்டார். ஹோல்ட்காம்புக்கு விளங்கியது. தாளில் நாலு இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தில், கமலநாயகியின் கையெழுத்து வைத்த படிவத்தின் எண் இருந்தது.

நிலக்கீழ் அறையைப் பார்க்க அவர் போகவில்லை. துப்புரவு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பேருந்து ஏறி நேரே சந்திரகாந்தி வீட்டுக்குப் போனார். சந்திரகாந்திக்கு அன்று மாலை வேலை. குசினி மேசையில் இருந்து பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? இருங்கோ.”

கமலநாயகி இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மணிக்கூடு, துரை, தானியப் பை, சீட்டு, ஒப்பம், தான் போட்ட புள்ளடி. தான் சம்மதம் சொன்னது எதற்காக என்பதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்லச் சந்திரகாந்தியின் கத்தி மெதுவாகி, நின்றது.

“எரிச்சாச்சோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“எப்ப?”

“ஏப்ரல் இருபது.”

பறுவத்துக்கு மூன்று கிழமைக்கு முன். சந்திரகாந்தி மனதுக்குள் நாளைக் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

“கொள்ளி ஆர் வைச்சது, அக்கா?”

வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருந்த ரீச்சர் அவர். இதற்கும் பதில் தெரியும். யாரோ ஒரு ஊழியர் ஒரு பொத்தானை அமத்தியிருப்பார். 

சந்திரகாந்தி எழும்பிச் சாமி அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த விறகுக் கட்டை இருந்தது. மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

“கலியாணம் பிள்ளையளின்ரை. அதிலை நான் கை வைக்கமாட்டன்” என்றாள். “ஆனால் ஆதிரைக்கு நீங்கள்தான் சொல்லோணும். இண்டைக்கே சொல்லோணும்.”

“சொல்லுறன்.”

“இதையும் கொண்டுபோங்கோ. இனி எங்களுக்குத் தேவையில்லை. மணிக்கூட்டு வீட்டிலை இருக்கட்டும்.”

கமலநாயகி இரண்டு கையாலும் அதை வாங்கினார்.